ஒருத்தர் குணத்தைச் சுட்டு வைக்கலாமா?

ஓம் சரவணபவ.

இன்னைக்கு ஒரு மண் கப் பற்றி எழுதப் போறேன். கொஞ்சம் நீளம்தான். பஸ்ல, டிரெயின்ல போறப்ப பொறுமையா படிங்க.

எனக்குச் சொந்த ஊர் தொப்பம்பட்டி. வேலை பெங்களூருல, சாஃப்ட்வேர். போன வருஷம் அப்பாவுக்கு அறுபது வயசு ஆச்சு. என்ன வாங்கித் தர்றதுன்னு போன்ல தேடினப்ப ஒரு மண்பாண்ட ஸ்டுடியோ கண்ணுல பட்டுச்சு. நமக்கு வேண்டியவரோட குணத்தைச் சொன்னா அதுக்கு ஏத்த நிறம், வடிவம் வெச்சு கையாலயே கப் செஞ்சு தருவாங்க. அமைதியானவங்களுக்கு வழவழன்னு நீல நிறம், கலகலன்னு பேசுறவங்களுக்கு மஞ்சள் புள்ளி, இப்படி.

ஆர்டர் பண்றப்ப அவரைப் பற்றி அஞ்சு வார்த்தை கேட்டாங்க. ரெண்டு நிமிஷம்கூட யோசிக்கல. "கோபக்காரர், பிடிவாதக்காரர், பேச மாட்டார், உழைப்பாளி, நேரம் தவறாதவர்." அனுப்பிட்டேன்.

கப் வந்துச்சு. உண்மையிலேயே அழகான வேலை. கருஞ்சிவப்பு, சொரசொரப்பு, கைப்பிடி முறுக்கிவிட்ட மாதிரி. ஆனா கூடவே ஒரு அட்டையும் வந்துச்சு. அதுல நான் எழுதின அஞ்சு வார்த்தையும் அதே வரிசையில அச்சடிச்சு இருந்துச்சு. நான் பார்த்து எடுக்கறதுக்குள்ள அப்பா கண்ணாடியைப் போட்டுப் படிச்சுட்டார்.

எதுவும் சொல்லல. கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது சாமி. எம் பேரைப் போட்டிருந்தாலே போதுமேடா"ன்னார். அப்புறம் அதை அலமாரியில வெச்சுட்டு எப்பவும் குடிக்கிற எவர்சில்வர் டம்ளர்லயே காப்பி குடிச்சார்.

அந்த "பேரைப் போட்டிருந்தாலே போதும்" எனக்குள்ள ரொம்ப நாள் ஓடிட்டே இருந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, நம்ம வீடுகள்ல கல்யாணச் சீர் பாத்திரம் வாங்கினா கடையிலயே பேர் வெட்டித் தருவாங்க. அப்பாவோட டம்ளர்லயும் பேர் வெட்டியிருக்கு. ஊர்ல எல்லார் வீட்டுலயும் அதே டம்ளர்தான். பேர் மட்டும்தான் வேற. யாரும் பாத்திரத்துல குணத்தை வெட்டறதில்ல.

இது இன்னைக்கு நேத்து வந்த பழக்கம் இல்ல. பழனிக்குத் தென்மேற்கே சுமார் 12 கிலோமீட்டர்ல பொருந்தல்னு ஒரு ஊர் இருக்கு. அங்கே 2009, 2010-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில அகழாய்வு நடந்துச்சு. ஒரு ஈமச்சின்னத்துக்குள்ள நாலு கால் வெச்ச ஒரு ஜாடி, அதுக்குள்ள சுமார் ரெண்டு கிலோ நெல். அந்த நெல்லைச் சோதிச்சப்ப கி.மு. 490-ன்னு காலக்கணிப்பு வந்துச்சு. அதே இடத்துல கிடைச்ச ஒரு பிரிமனையில, அதாவது பானை உருளாம இருக்க அடியில வைக்கிற வளையத்துல, தமிழ் பிராமி எழுத்துல "வய்ர"ன்னு கீறியிருந்துச்சு. கொடுமணல்லயும் கீழடியிலயும் இப்படி எழுத்து கீறின பானை ஓடுகள் நிறைய கிடைச்சிருக்கு. கீழடி ஓடுகள்ல "ஆதன்", "குவிரன்"னு ஆட்கள் பேரே இருக்கு.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. இப்படிப்பட்ட கீறல்கள்ல பலது பானையைச் சுட்டதுக்கு அப்புறம் போட்டது. குயவர் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வனைஞ்சு சுட்டுக் கொடுத்திருக்கார். வாங்கினவங்க வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு கூர்மையான முனையால தன்னோட அடையாளத்தைக் கீறிக்கிட்டாங்க. ஆதன் கோபக்காரரா, சாந்தமானவரா? ஓடு சொல்லல. இது ஆதனோடதுன்னு மட்டும்தான் சொல்லுது.

கார்த்திகைக்கு ஊருக்குப் போனப்ப பழனிப் பக்கம் அகல் விளக்கு வாங்கப் போனேன். பானை செய்யற பெரியவர் ஒருத்தர் உக்காந்திருந்தார். "ஏனுங்கய்யா, ஆளோட குணத்தைப் பார்த்து அதுக்கேத்த மாதிரி பானை செய்வீங்களா?"ன்னு கேட்டேன். சிரிச்சுட்டார். "எதுக்கு வேணும்னு சொல்லு கண்ணு. தண்ணி வெக்கவா, சோறாக்கவா, பொங்கலுக்கா? எத்தன பேருக்கு? அது தெரிஞ்சாப் போதும்."

அவரும் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாத்தான் செய்யறார். ஆனா அவர் கேக்கறது "அவர் எப்படிப்பட்டவர்?"ங்கிற கேள்வி இல்ல. "அவருக்கு என்ன வேணும்?"ங்கிற கேள்வி. தண்ணிப் பானைன்னா தண்ணி லேசாக் கசிஞ்சு காத்துல ஆவியாகணும், அப்பத்தான் உள்ள குளிரும். வாய் குறுகலா இருக்கணும். பொங்கப் பானைன்னா வாய் அகலம், தீயைத் தாங்கணும். நான் அப்பாவுக்கு என்ன வேணும்னு ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. அவர் யாருன்னு தீர்ப்பு எழுதி அனுப்பிட்டேன்.

உடுமலைப் பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்குப் பொங்கல் சமயத்துல போயிருக்கீங்களா? விவசாயிகள் கறந்த பாலோட மண்ணால செஞ்ச மாட்டு உருவாரங்களையும் கொண்டுவந்து வைப்பாங்க. ஆடு மாடு நோய்நொடி இல்லாம இருக்கணும்னு வேண்டுதல். அந்த உருவாரம் எல்லாம் பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். முட்டுற மாடு, சாது மாடுன்னு தனித்தனி கிடையாது. வைக்கிறவர் மனசுக்குள்ள அது அவரோட மாடு, அவ்வளவுதான். சாமிக்கும் அது போதும்.

மண்ணோட ஒரு விஷயம் சொல்றேன். காய்ஞ்ச பானையைத் தண்ணியில போட்டா கரைஞ்சு திரும்பக் களிமண் ஆயிடும். எத்தனை தடவை வேணாலும் மாத்திக்கலாம். ஆனா சூளையில சுமார் 600 டிகிரி தாண்டிட்டா, களிமண்ணோட அமைப்புக்குள்ளயே இருக்கிற நீர் வெளியேறிடும். அதுக்கப்புறம் எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் அது மறுபடி களிமண் ஆகாது. எங்க வேலையில ரிவர்ட்னு ஒண்ணு இருக்கு, தப்பா எழுதின கோடைப் பழைய நிலைக்குத் திருப்பிடலாம். சுட்ட மண்ணுக்கு ரிவர்ட் கிடையாது.

"கோபக்காரர்"ங்கிற வார்த்தையை நான் எப்ப சுட்டேன்னு தேடிப் பார்த்தேன். பன்னெண்டாவது படிக்கறப்ப. ஒரு ராத்திரி சோத்துத் தட்டு முன்னாடி சத்தம் போட்டார். அன்னைக்குத்தான் போர் போட்டு தண்ணி வரலங்கிறதும், அதுக்குக் கடன் வாங்கியிருந்தார்ங்கிறதும் அம்மா சொல்லி ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தெரியும். தெரிஞ்ச பிறகும் நான் வார்த்தையை மாத்தல. பதினேழு வயசுல சுட்டதை இருபத்தெட்டு வயசுலயும் வெச்சிருந்தேன்.

பழனியாண்டவரைப் பாருங்க. பழம் கிடைக்கலைன்னு கோவிச்சுக்கிட்டு மலையேறினவர்தான். அந்த ஒரு கோபத்தை மட்டும் வெச்சு அவருக்கு யாராவது அஞ்சு வார்த்தை எழுதினா நாம ஒத்துப்போமா? காலையில ஆண்டிக் கோலத்துல பார்க்கிறோம். சாயரட்சைக்குப் போனா ராஜ அலங்காரம். ஒரே நாள், ஒரே முருகன். சாமிக்கு இத்தனை கோலம் ஒத்துக்கிற நாம, பெத்தவருக்கு ஒண்ணுதான் கொடுக்கிறோம்.

அப்போ யாரோட தப்பையும் சொல்லவே கூடாதான்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அடிக்கிறவன் அடிக்கிறான்னு சொல்லித்தான் ஆகணும், தேவைன்னா விலகியும் வரணும். ஆனா "அன்னைக்கு இப்படிச் செஞ்சார்"னு சொல்றது வேற, "அவர் இதுதான்"னு முடிச்சு வைக்கிறது வேற. முதலாவது ஈர மண், நாளைக்குத் திருத்தலாம். ரெண்டாவது சூளை. நமக்கு நாமே இதைச் செஞ்சுக்கிறோம். போன்ல இருபது கேள்விக்குப் பதில் சொல்லிட்டு "நான் இப்படிப்பட்ட டைப்"னு ஸ்டேட்டஸ் வைக்கிறோம். அப்புறம் அந்த டைப்புக்கு ஏத்த மாதிரியே வாழ ஆரம்பிச்சுடறோம்.

குணத்தைப் பார்த்து கப் செய்யறவங்க மேல எனக்கு எந்தக் குறையும் இல்ல. ஒருத்தரை உத்துப் பார்க்கிறதே அன்புதான். பார்த்து முடிச்சாச்சுன்னு நான் நினைச்சேன் பாருங்க, தப்பு அங்கதான்.

அந்தக் கார்த்திகைக்கே அப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டேன். "நீ எழுதுனதுல பொய் ஒண்ணும் இல்லையேடா"ன்னார். பொய் இல்லைதான். ஆனா முழுசும் இல்ல. அதை அவர்கிட்ட சொல்லத் தெரியாம நின்னேன்.

இப்ப நான் ஊருக்குப் போற நாள்ல மட்டும் அந்தக் கப்பை எடுத்துக் கழுவி அதுல காப்பி குடிக்கிறார். மத்த நாள் எல்லாம் டம்ளர்தான்னு அம்மா சொன்னாங்க. நான் எழுதின அஞ்சு வார்த்தையில இதுக்கு ஒரு வார்த்தைகூட இல்ல.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!