வருவாய் தராத நீர்

சில வருடங்களுக்கு முன், நகராட்சிகளின் குடிநீர் வழங்கலை ஒப்பிட்டுத் தரவரிசை போடும் வேலை ஒன்று எனக்கு வந்தது. டிஇஏ என்ற முறையை எடுத்துக்கொண்டேன். சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் 1978இல் முன்வைத்தது. ஊழியர், மின்சாரம், வருவாய் தராத நீர் மூன்றும் உள்ளீடு, குறைந்தால் நல்லது. பில் போட்ட நீரும் வீட்டு இணைப்புகளும் வெளியீடு. இருக்கிற ஊர்களில் சிறந்தவை சேர்ந்து ஓர் எல்லைக்கோடு ஆகும். அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, அதுதான் ஒரு ஊரின் குறை.

இந்தக் கணக்கு பெருந்தன்மையானது. ஒவ்வொரு ஊருக்கும் அதற்குச் சாதகமான எடைகளைத் தானே தேடிக்கொடுக்கும். தன் பலவீனத்துக்கு பூஜ்யம் போட்டுக்கொண்டு முழு மதிப்பெண்கூட வாங்கலாம். (நாம் நம்மை எடைபோடுவதும் ஏறக்குறைய இப்படித்தான்.) அதைத் தடுக்க, வருவாய் தராத நீருக்குக் குறைந்தபட்ச எடை ஒன்றை நானே விதித்தேன்.

ஒரு ஊர் சட்டென்று கீழே இறங்கியது.

"ஏன் சார்?" என்றான் உடன் வேலை செய்த பையன்.

"தெருக்குழாய் ஜாஸ்தி."

"அப்ப அதை மூடிட்டா மேல வந்துடுமா?"

வந்துவிடும். கோடில் பிழை எதுவும் இல்லை. மத்திய நகர்ப்புற அமைச்சகத்தின் 2008 சேவைத்தர அளவுகோல்களில் வருவாய் தராத நீருக்கான இலக்கு 20 சதவீதம். குழாய்க் கசிவு, திருட்டு இணைப்பு, மீட்டர் கோளாறு ஆகியவற்றோடு, பில் போடாமல் தெருக்குழாயில் விடும் நீரும் அதற்குள்தான் வருகிறது. மண்ணுக்குள் போன தண்ணீரும் ஒரு குடத்துக்குள் போன தண்ணீரும் ஒரே சதவீதம்.

நான் அந்தக் குடத்தின் பின்னால் நின்று வளர்ந்தவன். அம்மா விடிகாலை நாலு மணிக்கு எழுந்து குடங்களை வரிசையில் வைப்பாள். குடம் இல்லாதவர்கள் ஒரு செங்கல்லை வைத்து இடம் பிடிப்பார்கள். அவள் நின்ற நேரமும் உள்ளீடுதானே? எந்த நகராட்சியின் கணக்கிலும் அதற்கு ஒரு பத்தி கிடையாது. வீட்டுக்கு வீடு குழாய் போட்டால் செலவு ஏறும். அவள் நின்றால் ஏறாது.

எண்களுக்கு இதயம் இல்லை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அளக்காவிட்டால் கசிவே தெரியாது. தெருக்குழாய் நீரைத் தனியாகப் பிரித்து இன்னொரு பட்டியலும் போட்டேன். அந்த ஊர் மேலே வந்தது. "ஸ்டாண்டர்ட் வெர்ஷனே போதும்" என்றார்கள். அதையே கொடுத்தேன்.

அன்று இரவு அம்மாவிடம் போனில், எந்த ஊர் தண்ணீரை வீணாக்குகிறது என்று கண்டுபிடிக்கிற வேலை என்றேன்.

"தெருக்குழாய்லதான்டா நெறைய வீணாப்போகும்," என்றாள். "திருகு இருக்காது. நான்தான் பழந்துணிய வெச்சுக் கட்டுவேன்."