படத்துக்காக எவ்வளவு நெருங்கலாம்?

சென்னையின் தெற்கே, அடுக்குமாடிகளுக்கும் ஐ.டி. அலுவலகங்களுக்கும் பெருங்குடி குப்பைக் கிடங்குக்கும் நடுவே இருக்கிறது பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022-இல் அது பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. நீலச்சிறகி வாத்துகள் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து அங்கு வந்து தங்குகின்றன. பூநாரைகளும் இரை தேடி இறங்குகின்றன. ஊரை விட்டு வெளியே போகாமலே படமெடுக்க முடிவதால், சதுப்பை ஊடறுக்கும் ரேடியல் சாலையின் ஓரத்தில் டெலி லென்ஸோடு நிற்பவர்களைப் பார்க்கலாம். எளிதில் எட்டிவிடும் இடம் என்பதாலேயே இங்கு ஓர் அறக்கேள்வி எழுகிறது: ஒரு படத்துக்காகப் பறவையை எவ்வளவு நெருங்கலாம்?

படமெடுப்பதற்கு ஆதரவான வாதம் வலுவானது. 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை நோக்கர்கள் பதிந்த தரவுகளைக் கொண்டு உருவானது. அத்தகைய பதிவுகளில் அரிய பறவையொன்றைக் கண்டதாகச் சொல்பவருக்குப் படமே சாட்சி. சதுப்பு நிலத்தை வெறும் புறம்போக்காகக் கருதும் நகரவாசியின் எண்ணத்தை மாற்றவும் ஒரு நல்ல படத்தால் முடியும்.

ஆனால் இந்த நன்மைக்கான செலவைப் பறவை ஏற்கிறது. ஆள் நெருங்கும்போது பறவை மேய்வதை நிறுத்தித் தலை தூக்குகிறது, பிறகு எழும்பிப் பறக்கிறது. ஒவ்வொரு முறையும் இரை தேடும் நேரம் குறைகிறது, உடலில் சேர்த்த கொழுப்பு கரைகிறது. வலசை வந்த பறவைக்கோ திரும்பிச் செல்லும் நெடும்பயணத்துக்கு அந்தக் கொழுப்புதான் ஆதாரம். ஒருவர் ஒரு முறை விரட்டினால் பெரிய இழப்பில்லை. ஆனால் நகரத்தில் ஒருவர் போனதும் அடுத்தவர் வருவார். தனக்கு முன்னே எத்தனை பேர் விரட்டினார்கள் என்பது எவருக்கும் தெரியாது.

கூட்டில் நேரும் கேடு இன்னும் பெரியது. ஆள்காட்டி வெட்டவெளித் தரையில் முட்டையிடுகிறது. கோடை வெயிலில் முட்டைகளுக்கு நிழல் தரவே தாய்தந்தைப் பறவைகள் அவற்றின்மேல் நிற்கின்றன. வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விப்பதும் உண்டு. அந்த வேளையில் அவற்றைச் சிறிது நேரம் விலக்கினாலும் முட்டைகள் வெந்துபோகலாம். காத்திருக்கும் காகத்துக்கும் அது வாய்ப்பாகிவிடும்.

நன்மையையும் கேட்டையும் எடைபோடும்போது ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பதிவுக்குத் தேவை, இனத்தை அடையாளம் காட்டும் படம்; அலகும் இறகின் நிறமும் தெரிந்தால் போதும். விழிப்புணர்வுக்கும் தொலைவிலிருந்து எடுத்த படம் உதவும். ஆகவே பொதுநன்மை என்ற வாதம் படமெடுப்பதை நியாயப்படுத்துமே தவிர, நெருங்குவதை நியாயப்படுத்தாது. கண்ணின் ஒளியும் இறகின் இழையும் தெரிய வேண்டும் என்ற ஆசை பெரும்பாலும் எடுப்பவருடையது. கிடைக்கும் பாராட்டும் அவருக்கே. பறவைகளுக்கு வளையமிடும் ஆய்வாளர்கள் அவற்றைக் கையிலேயே பிடிக்கிறார்கள் என்று ஒருவர் வாதிடலாம். அவர்களுக்குப் பயிற்சியும் அனுமதியும் உண்டு. அந்த வழியில் கிடைக்கும் அறிவு பலவும் தொலைவில் நின்று பார்த்தால் கிடைக்காது. நெருக்கப் படத்துக்கு அந்தக் காரணம் பொருந்தாது.

குப்பையும் கழிவுநீரும் கட்டடங்களும் சதுப்பைச் சுருக்கும்போது, கேமராவுடன் வருபவரைக் குறை சொல்வது நியாயமா என்ற கேள்வியும் உண்டு. கேடுகளின் அளவில் ஒப்பீடே இல்லை என்பது சரி. ஆனால் பிறர் செய்யும் பெரிய தவறு தன் சிறிய தவறுக்கு உரிமம் ஆகாது. மேலும், இடம் சுருங்கச் சுருங்க, விரட்டப்படும் பறவை போய் இறங்க வேறு நீர்நிலை குறைகிறது. பெரிய கேடு சிறிய கேட்டின் பாரத்தைக் கூட்டுகிறது.

1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் தொந்தரவு செய்வதை வேட்டை என்ற வரையறைக்குள் சேர்க்கிறது. மேயும் பறவையைச் சாலையோரத்திலிருந்து பதறச் செய்பவரை அந்த வரையறை தொடுவதில்லை. சட்டம் எட்டாத இடத்தில் மனம்தான் காவல். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய ஊர் மக்கள், பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதைத் தவிர்த்து வருகிறார்கள். பறவைகளுக்காகத் தங்கள் பண்டிகை மகிழ்ச்சியில் ஒரு பகுதியையே அவர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள். படமெடுப்பவர் விட்டுக்கொடுக்க வேண்டியது சில அடி தூரம்தான்.

நகர்ப்புறச் சதுப்பு நிலத்தில் படமெடுப்பது தவறன்று. தூரத்தை முடிவு செய்யும் உரிமை மட்டும் பறவைக்கு உரியது: அது மேய்வதை நிறுத்தித் தலை தூக்கினால் பின்வாங்க வேண்டும். கூட்டுக்கு அருகே செல்வதும், பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும், பறக்கும் படத்துக்காகக் கல்லெறிவதும் எந்த நோக்கத்தாலும் நியாயமாகாது. கூடு இருக்கும் இடத்தைப் பொதுவில் வெளியிடுவதும் அப்படித்தான். பறவை தன் வேலையை நிறுத்தாமல் எடுக்கப்பட்ட படமே அறத்தோடு எடுக்கப்பட்ட படம்.