கயிறு அறாத வாளி
தியானத்தில் உடல் மறந்து ஆனந்தம் பொங்கும் கணத்தை ஞானம் என்று கொள்ளலாமா? கூடாது என்றே நினைக்கிறேன். அபூர்வமான காட்சி, கேள்வி, சுவை எல்லாம் யோகிக்கு வாய்க்கும் என்று சொல்லும் பதஞ்சலியே, அவை சமாதிக்கு இடையூறு என்கிறார். மனம் தற்காலிகமாக ஒடுங்கிக் கிடக்கும் கேவல நிர்விகல்ப சமாதியை ரமணர் கிணற்று நீரில் மூழ்கிய வாளிக்கு ஒப்பிட்டார். வாளி முழுகிக் கிடந்தாலும் கயிற்றின் மறுநுனி மேலேதான் இருக்கிறது, இழுத்தால் வந்துவிடும். இயல்பாகவே நிலைத்துவிட்ட சகஜ நிலையோ கடலில் கலந்த ஆறு. வந்து போவது எவ்வளவு உயர்ந்ததானாலும், அது வந்ததையும் போனதையும் அறிந்தவன் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

1896இல் மதுரையில், 16 வயதில், ரமணருக்கே ஒரே மரண அனுபவத்தில் ஞானம் வாய்த்ததே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே பெரிது அந்தச் சில நிமிடங்கள் அல்ல. பிறகு அந்த ஞானம் விலகவே இல்லை என்பதுதான். 1950இல், கையில் புற்றுக்கட்டி முற்றியிருந்த கடைசி நாட்களிலும், தரிசனத்துக்கு வந்தவர்களைத் தடுக்க அவர் சம்மதிக்கவில்லை.