திரும்ப முளைப்பதும் முளைக்காததும்



கடுங்குளிரை உயிர்கள் எப்படித் தாங்குகின்றன என்று கேட்டால், அடர்ந்த ரோமம், கொழுப்பு, வெப்பமான நாடுகளுக்குப் பறந்துபோகும் பறவைகள் என்று சட்டென்று பதில் சொல்லிவிடுவோம். மங்கோலியாவிலிருந்தும் திபெத்திலிருந்தும் இமயமலையைக் கடந்து நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்துகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சிறகு இருப்பவை கிளம்பி வந்துவிடுகின்றன. கிளம்ப முடியாதவை என்ன செய்கின்றன?

அலாஸ்காவில் ஒரு காட்டுத் தவளை இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. குளிர்காலம் தொடங்கும்போது காட்டுத் தரையில், உதிர்ந்த இலைகளுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். குளிர் ஏற ஏற, அதன் உடம்பே உறையத் தொடங்குகிறது. மூச்சு நிற்கிறது. இதயமும் நிற்கிறது. உடம்பிலுள்ள நீரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வரை பனிக்கட்டியாகிவிடும். எடுத்துத் தட்டினால் கல்லைப் போல இருக்கும். ஃபேர்பேங்க்ஸ் பகுதியில் இந்தத் தவளைகளைக் கவனித்த ஆய்வு ஒன்று 2014-இல் வெளியானது. ஆறு மாதத்துக்கும் மேலாக அவை உறைந்தே கிடந்தன. மைனஸ் 18 டிகிரி வரை தாங்கின. வசந்தம் வந்ததும் உருகி, எழுந்து, இணை தேடிக் குளத்துக்குப் போய்விட்டன.

இது எப்படி முடிகிறது? தோலில் முதல் பனித்துளி உறைந்ததுமே, சேர்த்துவைத்த மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கி இரத்தத்தில் கொட்டத் தொடங்குகிறது தவளையின் கல்லீரல். அந்தச் சர்க்கரை ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் போய், அதன் உட்புறம் உறையாமல் காக்கிறது. பனிக்கட்டி எல்லாம் உயிரணுவுக்கு வெளியே உள்ள இடைவெளியில்தான். இதயம் நின்றால் மறுபடி துடிக்கும். உயிரணு பனியால் கிழிந்துபோனால் கிழிந்ததுதான். எதை விடலாம், எதை விடக்கூடாது என்பது அந்தச் சிறு உடம்புக்குத் தெரிந்திருக்கிறது.

அதே அலாஸ்காவில் தரை அணில் ஒன்று உண்டு. வருஷத்தில் ஏழெட்டு மாதம் வளைக்குள் உறங்கும். உறக்கத்தில் அதன் உடல் வெப்பம் மைனஸ் 2.9 டிகிரி வரை இறங்குவதை, பிரையன் பார்ன்ஸ் என்ற விஞ்ஞானி 1989-இல் வெளியிட்டார். பாலூட்டி ஒன்றின் உடம்பு நீர் உறையும் நிலைக்கும் கீழே போய் உயிரோடு மீள்கிறது என்பது பெரிய வியப்பாக இருந்தது. ஆனால் ஒன்று கவனியுங்கள்: வயிறு அவ்வளவு குளிர்ந்துபோனாலும், தலையும் கழுத்தும் பூஜ்யத்துக்கு மேலேயே இருக்கின்றன. அதுமட்டுமல்ல. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அணில் நடுங்கி நடுங்கி உடம்பைச் சூடேற்றி, ஒரு நாளுக்கும் குறைவாக வழக்கமான வெப்பநிலையில் இருந்துவிட்டு, மறுபடி உறங்கப் போகிறது. இதற்குக் கொழுப்பு நிறையச் செலவாகும். ஆனால் நீண்ட உறக்கத்தில் சுருங்கிப்போகும் மூளை நரம்பு இணைப்புகள் இந்தச் சூட்டில்தான் மீண்டும் வளர்கின்றன. வெளியே பஞ்சம், கையில் இருப்பதோ கொஞ்சம். அப்படியிருந்தும் மூளைக்கான செலவில் அது கைவைப்பதில்லை.

உறங்காமல் பனியிலேயே நடமாடும் துருவக் கலைமானும் இப்படித்தான். உடம்பின் நடுப்பகுதி 38 டிகிரி. கீழ்க்கால் மட்டும் 10 டிகிரி அளவுக்குக் குளிர்ந்துபோக விட்டுவிடுகிறது. காலுக்கு இறங்கும் சூடான இரத்தக் குழாயும், காலிலிருந்து ஏறும் குளிர்ந்த இரத்தக் குழாயும் ஒட்டியே ஓடுகின்றன. இறங்குகிற இரத்தம் தன் சூட்டை ஏறுகிற இரத்தத்திடம் கொடுத்துவிடுகிறது. அதனால் சூடு பனித்தரையில் வீணாகாமல் நெஞ்சுக்கே திரும்புகிறது.

சைபீரியாவின் யாகுட்டியா பகுதிக்குப் போவோம். 1933-இல் அங்கே ஒய்மியாகோன் என்ற ஊரில் மைனஸ் 67.7 டிகிரி பதிவானது. அந்த மண்ணில் காடு காடாக நிற்பது லார்ச் மரம். ஊசியிலை மரங்களில் பெரும்பாலானவை குளிர்காலத்திலும் பச்சையாக நிற்கும். லார்ச் தன் இலைகளை உதிர்த்துவிடும். உதிர்க்கும் முன் இலையிலுள்ள தழைச்சத்தையும் மணிச்சத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். உயிரணுவுக்குள் இருக்கும் நீரை வெளியேற்றி, வெளியே உறையவிடும். தவளை செய்வதையே மரமும் செய்கிறது. அடுத்த வசந்தத்துக்கான மொட்டுகள் கோடையிலேயே உருவாகி, செதில்களுக்குள் பத்திரமாக இருக்கின்றன. இவ்வளவு ஏற்பாட்டையும் அது முதல் பனி விழுந்த பிறகு தொடங்குவதில்லை. வெயில் இதமாக இருக்கும்போதே, பகல் குறையத் தொடங்குவதை அறிந்து ஆயத்தமாகிவிடுகிறது.

நேயர்களே, இவற்றில் எதுவும் முழு உடம்பையும் சூடாக வைத்துக்கொள்ளப் பார்க்கவில்லை. அப்படிப் பார்த்திருந்தால் பிழைத்திருக்காது. திரும்ப முளைக்கக்கூடியதை விட்டுக்கொடுத்து, முளைக்காததைக் காப்பாற்றியதால்தான் பிழைத்தன.

நமக்கு இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. வருமானம் குறைந்த வருஷத்திலும் ஊர் மெச்ச வேண்டும் என்று கடன் வாங்கி விசேஷம் நடத்துகிறோம். பிள்ளையின் படிப்பை நிறுத்துகிறோம். வேலையில் நெருக்கடி வந்தால் முதலில் தூக்கத்தைக் குறைக்கிறோம், அடுத்து வீட்டாரோடு பேசுவதைக் குறைக்கிறோம். கௌரவத்தை மட்டும் விடுவதில்லை. ஆடம்பரம் போனால் திரும்ப வரும். பதவி போனால் இன்னொன்று கிடைக்கும். உடம்பும், உறவின் நம்பிக்கையும், ஒரு குழந்தையின் படிக்கும் வயதும் போனால் போனதுதான்.

கஷ்ட காலத்தில் நிதானமாக யோசிக்க வராது. ஆகவே நிலைமை நன்றாக இருக்கும் இன்றைக்கே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். நெருக்கடி வந்தால் முதலில் எதை விடுவோம், கடைசிவரை எதை விடமாட்டோம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.