கண்ணோட்டமும் நடுவுநிலையும்

நேர்முகத் தேர்வில் இருவர் தகுதியில் ஏறக்குறையச் சமமாக இருந்தால், இடம்பெயர்ந்தவர் பக்கம் தேர்வாளரின் மனம் தானாகச் சாய்வதுண்டு. எந்த விதியிலும் எழுதப்படாத, பெரும்பாலும் அவரே உணராத இச்சாய்வு அறமா, நடுவுநிலை தவறுவதா?

இலங்கையின் வன்னியில் இது ஏட்டளவான கேள்வி அன்று. 2009 மே மாதம் போர் முடிந்தபோது இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் இருந்தனர். அவற்றுள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. மீளக் குடியேறிய பலரிடம் சான்றிதழ்கள் இல்லை. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய காலம் பங்கரிலும் முகாமிலும் கழிந்திருந்தது. இவர்களையும் தடையின்றிப் படிக்க வாய்த்தவர்களையும் ஒரே அளவுகோலால் அளப்பது நியாயம்போலத் தோன்றும். ஆனால் அந்த அளவுகோலையே போர் வளைத்துவிட்டது. ஆகவே இச்சாய்வு சலுகை என்பதைவிடத் திருத்தம் என்பதே பொருந்தும். கண்ணிவெடி அகற்றும் ஹலோ ட்ரஸ்ட் நிறுவனம் உள்ளூர்ப் பெண்களை, குடும்பத்தைத் தனியே தாங்குவோர் உட்பட, வேலைக்கு எடுத்துத் தானே பயிற்சி அளித்தது. சிறு பிசகும் உயிரைப் பறிக்கும் அவ்வேலையில் அவர்கள் நிலைத்தனர். சான்றிதழ் சொல்லாத திறமை உண்டென்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

திருக்குறள் இரக்கத்தைத் துறவறத்தோடு நிறுத்திவிடவில்லை. ஆளறிந்து வேலை தருவதைச் சொல்லும் தெரிந்துவினையாடல் உள்ள பொருட்பாலிலேயே, இரக்கத்தைச் சொல்லும் கண்ணோட்டம் என்ற அதிகாரமும் வருகிறது. செய்யவேண்டிய கருமம் கெடாதவரை இரக்கம் ஆள்வோனுக்குரிய பண்பு என்பது அதன் நிலை.

சிக்கல், சாய்வு மறைந்திருப்பதில்தான். 1977 வன்செயலுக்குத் தப்பி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்த மலையகத் தமிழரும், 1990இல் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு வந்தோரும் இடம்பெயர்ந்தவர்களே. எல்லோரிடத்தும் மனம் ஒரேயளவு இளகுவதில்லை. தன் ஊர், தன் சாதி, தன் மதம் பார்த்தே முதலில் இளகுகிறது. அப்போது இரக்கத்தின் பேரில் பழைய ஒதுக்கலே தொடர்கிறது.

சட்டத்தைப் பார்த்தால், இலங்கை அரசியலமைப்பின் 12(4)ஆம் உறுப்புரை பெண்கள், சிறுவர், மாற்றுத்திறனாளிகளுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடமளிக்கிறது. இடம்பெயர்ந்தோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஐ.நா.வின் 1998ஆம் ஆண்டு வழிகாட்டிக் கோட்பாடுகள் வேலை தேடுவதில் அவர்களுக்குப் பாகுபாடு காட்டலாகாது என்கின்றன. முன்னுரிமை பற்றி அங்கும் பேச்சில்லை. அதனால் நிறுவனங்களே அளவைத் தீர்மானித்து, விளம்பரத்திலேயே வெளிப்படையாகச் சொல்ல வேண்டியுள்ளது. வெளியே சொன்ன அளவை யாரும் எதிர்த்துக் கேட்கலாம். மனதுக்குள் இருப்பதைக் கேட்க முடியாது. முகாமில் பிறந்த பிள்ளைகள் வேலை தேடும் வயதை நெருங்கும் காலத்தில், இடம்பெயர்ந்தவர் என்ற பெயர் மட்டும் அந்த அளவுக்குப் போதாது. இழந்த பள்ளி ஆண்டுகள், காணியின்மை, குடும்பத்தின் கடன் ஆகியவையே அதில் இடம்பெற வேண்டும்.