கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடையா?

புதுவீடு புகுந்த மறுநாள் என் மகள் நடுக்கூடத்தில் நின்று நான்கு புறமும் பார்த்தாள். வெள்ளையடித்த வாடை இன்னும் போகவில்லை. "சுவரெல்லாம் மொட்டையா நிக்குதே வாப்பா! ஏதாச்சும் மாட்டினாத்தானே வீடு வீடா இருக்கும்? பெரிசா ஆயத்துல் குர்ஸீ ஒண்ணு வாங்கி மாட்டட்டுமா? இல்லே, கல்யாணத்துக்கு வந்த பத்தமடைப் பாயைத் தொங்கவிடட்டுமா? நீங்களே ஒண்ணு சொல்லுங்க" என்றாள்.

முப்பது ஆண்டுகளாக மத்ரஸாவில் கிதாபு ஓதிக்கொடுத்து வருபவனுக்கு இது கடினமான வினாவன்று. உயிருள்ளவற்றின் உருவம் வேண்டாம், பெருமைக்காகச் செலவு செய்ய வேண்டாம் என்று இரண்டே வரியில் சொல்லி முடித்தேன். வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது: அவள் கேட்டது ஒன்று, நான் சொன்னது வேறொன்று. ஆகுமா ஆகாதா என்று மட்டும் அவள் கேட்கவில்லை. வெறுஞ்சுவரைக் கண்டால் மனம் ஏன் வெறிச்சென்று போகிறது, அந்த வெறுமையை எதைக்கொண்டு நிரப்புவது என்றும் கேட்டாள். வாசக அன்பர்களே! அந்த விடையைத் தேடிய கதையையே இங்கு எழுதுகிறேன்.

நம் முன்னோர் வீடுகளில் சுவர் சும்மா நிற்கவில்லை. மாடக்குழியில் விளக்கு எரிந்தது. ஆணியில் தொப்பியும் தஸ்பீஹும் தொங்கின. உயரத்தில் அடித்த பலகையில் உறையிட்ட குர்ஆன் இருந்தது. நோன்பு வருமுன் ஒரு கை சுண்ணாம்பு, அலங்காரம் அவ்வளவே. பின்னர் நாட்காட்டி வந்தது. மக்கா, மதீனா படங்கள் வந்தன. வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றவர்கள், கஅபாவின் தோற்றம் பதித்த வெல்வெட் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். மனைவி மக்களைப் பிரிந்து வெயிலில் உழைத்த ஒருவர், தாம் கண்ட மிகச் சிறந்த காட்சியைத் தம் வீட்டாருக்குக் காட்ட விரும்பிய விருப்பம் அது. அதைக் கண்டு நகைக்க யாருக்கும் உரிமையில்லை. மனிதன் சுவரில் மாட்டுவது, பெரும்பாலும் தன் உள்ளத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் ஒன்றையே.

இனி நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்திற்குள் நுழைவோம். அண்ணலார் ஒரு போருக்குச் சென்றிருந்தபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலில் ஒரு விரிப்பைத் தொங்கவிட்டார்கள். திரும்பி வந்த அண்ணலாரின் முகத்தில் வெறுப்பு தெரிந்தது. விரிப்பை இழுத்துக் கிழித்தார்கள். கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை உடுத்தும் பணியை அல்லாஹ் நமக்கு இடவில்லை என்னும் கருத்துப்படக் கூறினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் காணப்படும் செய்தி இது. இத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள் அதன் பின்பாதியை விட்டுவிடுகிறார்கள். அன்னையார் அந்தத் துணியை வீசிவிடவில்லை. இரண்டு தலையணைகளாகத் தைத்து, ஈச்சநார் திணித்து வைத்தார்கள். அதை அண்ணலார் குறை கூறவில்லை.

துணி அதே துணிதான். மாறியது இடம் ஒன்றே. வாயிலை மறைத்துத் தொங்கியபோது அது கல்லுக்கு ஆடையாக இருந்தது. கீழே வந்தபோது மனிதனின் முதுகுக்கும் தலைக்கும் ஆறுதலாயிற்று. உயரத்தில் வைப்பதை நாம் அண்ணாந்து பார்க்கிறோம்; தாழ வைப்பதைப் பயன்படுத்துகிறோம். சுவர் என்பது பொருளுக்கு மதிப்பைக் கொடுக்கும் இடம். ஆகவே எதை மாட்டுகிறோம் என்பதைவிட எதை உயர்த்துகிறோம் என்று கேட்பதே பொருத்தம்.

தோழர்கள் இதை எவ்வளவு கூர்மையாக உணர்ந்தார்கள் என்பதற்கு இரு நிகழ்ச்சிகள் உண்டு. ஸல்மான் பார்ஸீ (ரலி) அவர்கள் கிந்தா குலத்துப் பெண்ணை மணந்து அவ்வீட்டுக்குச் சென்றபோது, சுவர்கள் யாவும் துணியால் போர்த்தப்பட்டிருந்தன. உங்கள் வீட்டுக்குக் காய்ச்சலா, அல்லது கஅபாதான் கிந்தாவுக்குக் குடிபெயர்ந்து விட்டதா என்று அவர்கள் கேட்டதாக வரலாறு கூறுகிறது. வாயில் திரை ஒன்றைத் தவிர மற்றவற்றை அகற்றிய பிறகே உள்ளே அடியெடுத்து வைத்தார்கள். போர்வைக்கு உரிய கட்டடம் உலகில் ஒன்றே என்பது அவர்கள் கருத்து.

மற்றது, இப்னு உமர் (ரலி) அவர்களின் புதல்வர் ஸாலிமின் திருமண விருந்து. அழைப்பை ஏற்று வந்த அபூ ஐயூப் அன்ஸாரி (ரலி) அவர்கள் சுவரில் திரையைக் கண்டார்கள். பெண்கள் எங்களை மிஞ்சிவிட்டார்கள் என்று இப்னு உமர் சமாதானம் சொன்னார்கள். வேறு எவரிடமேனும் இதை எதிர்பார்த்திருப்பேன், உம்மிடம் எதிர்பார்க்கவில்லை என்ற கருத்தைச் சொல்லி, உணவைத் தொடாமலே திரும்பிவிட்டார்கள் அந்த முதியவர். பெருமானார் மதீனாவுக்கு வந்தபோது அவர்களைத் தம் வீட்டில் தங்கவைத்தவர் அவர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எந்த விருந்தாளியை எந்தச் சுவருக்குள் வைத்து உபசரித்தோம் என்பதை அவர் மறக்கவில்லை.

இவற்றைக் கொண்டு அழகே கூடாது என்று யாரும் முடிவு கட்டிவிடலாகாது. இறைவன் தன் அடியார்களுக்காக வெளிப்படுத்திய அலங்காரத்தைத் தடுத்தவர் யார் என்று வினவுகிறது அஃராஃப் அத்தியாயத்தின் 32ஆம் வசனம். நல்லாடையும் நல்ல காலணியும் விரும்புவது பெருமையாகுமா என்று ஒருவர் கேட்டபோது, இறைவன் அழகன், அழகை நேசிப்பவன் என்று விளக்கி, உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்று எல்லை வகுத்தார்கள் அண்ணலார். உஸ்மான் (ரலி) அவர்கள் மஸ்ஜிதுன் நபவியைப் புதுப்பித்தபோது, செதுக்கிய கல்லும் சாந்தும் கொண்டு சுவர் எழுப்பினார்கள். கூரைக்குத் தேக்கு மரம் போட்டார்கள். இந்தியாவிலிருந்து செல்லும் மரம் அது என்று உரையாசிரியர்கள் குறிக்கிறார்கள். துருக்கியரின் இஸ்தன்பூலில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹாஃபிஸ் உஸ்மான் என்னும் எழுத்தோவியர், நாயகத்தின் தோற்றத்தையும் குணத்தையும் வருணிக்கும் சொற்களைச் சுவரில் மாட்டத்தக்க ஓர் அழகிய பலகையாக வடிவமைத்தார். உருவம் தீட்டாத சமுதாயம் சொல்லாலே தீட்டிக்கொண்ட படம் அது. சுவரைத் துணியால் போர்த்துவதைக்கூட, இமாம் நவவீ (ரஹ்) விலக்கப்பட்டதென்று கொள்ளாமல் வெறுக்கத்தக்கது என்றே கொண்டார்கள்.

ஆகச் சட்டம் நமக்கு இடம் விட்டிருக்கிறது. அந்த இடத்தில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதே ஒழுக்கத்தின் கேள்வி.

வரலாற்றில் ஒரு காட்சி என்னை எப்போதும் நிறுத்தி வைக்கும். பெருமானாரின் துணைவியர் வாழ்ந்த அறைகள், பச்சைச் செங்கல்லாலும் மண் பூசிய ஈச்சமட்டையாலும் ஆனவை. வாயிலில் ரோமத் திரை. இளைஞராக அங்கே நுழைந்தபோது கூரையைக் கையால் தொட முடிந்தது என்று ஹஸன் பஸரீ (ரஹ்) நினைவு கூர்ந்திருக்கிறார்கள். ஹிஜ்ரி 88இல், அதாவது கி.பி. 707இல், கலீஃபா வலீதின் ஆணைப்படி அவ்வறைகள் இடிக்கப்பட்டு மஸ்ஜிதோடு சேர்க்கப்பட்டன. மதீனா மக்கள் அழுதார்கள். அவற்றை அப்படியே விட்டிருக்கலாம். நபியவர்கள் எதனோடு மனநிறைவு கொண்டார்கள் என்பதைப் பின்வரும் தலைமுறை கண்ணால் கண்டிருக்கும் என்று ஏங்கினார்கள் ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்). அதே காலத்தில், அதே கலீஃபாவின் ஆணையால், டமாஸ்கஸ் பள்ளிவாசலின் சுவர்களில் பொன்னும் பச்சையுமாக மரங்களும் மாளிகைகளும் கண்ணாடிச் சில்லுகளில் பதிக்கப்பட்டன. மனித உருவம் ஒன்றுமில்லை. இன்றும் காண்போர் வியக்கிறார்கள். அந்த அழகைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் மதீனா மக்கள் எதற்காக அழுதார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அழகிய சுவர் ஒன்று போயிற்று என்று அவர்கள் அழவில்லை. உண்மை சொல்லும் சுவர் ஒன்று போயிற்றே என்று அழுதார்கள்.

இனி, நம் வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் திருவசனப் பலகைகளுக்கு வருவோம். குர்ஆனையும் இறைநாமங்களையும் சுவர்களிலும் ஆடைகளிலும் பொறிப்பது வெறுக்கத்தக்கது என்பதே எங்கள் மத்ஹபின் கருத்து என்று இமாம் நவவீ அவர்கள் 'அத்திப்யான்' என்னும் நூலில் குறித்திருக்கிறார்கள். மரியாதைக் குறைவு நேர்ந்துவிடுமோ என்ற அச்சம் அறிஞர்களுக்கு இருந்தது. எனக்கு வேறோர் அச்சமும் உண்டு. ஓதவேண்டியதைத் தொங்கவிட்டால், ஓதிவிட்டதாகவே மனம் நிறைந்துவிடுகிறது. கிரனாடாவின் அல்ஹம்ரா மாளிகைச் சுவர்களில், அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளன் இல்லை என்ற வாசகம் எண்ணற்ற முறை செதுக்கப்பட்டிருக்கிறது. உள்ளே அரியணைக்காக ஒரே குடும்பத்தார் ஒருவரோடொருவர் மோதினார்கள். 1492இல் மாளிகை கைமாறியது. வாசகம் இன்றும் அங்கே இருக்கிறது, எழுதியவர்கள் இல்லை. சுவர் அவர்களுக்குச் சாட்சியாக நின்றதே தவிரக் காவலாக நிற்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஓதிய ஒருவர் புதுவீட்டு விருந்துக்கு அழைத்தார். கூடத்துச் சுவர் முழுவதும் பொன்னிழையில் ஆயத்துல் குர்ஸீ. அதனடியில் எனக்கு முதல் இருக்கை. வாப்பாவின் பழைய வீட்டை விற்ற பணத்தில் எழுந்த வீடு அது. அப்பணத்தில் கணவனை இழந்த தங்கைக்கு உரிய பங்கு போய்ச் சேரவில்லை என்பது ஊரறிந்த செய்தி. எனக்கும் தெரியும். அந்தத் தங்கை அடுப்படியில் பாத்திரம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். பெண்மக்களின் பங்கை வரையறுக்கும் அந்நிஸா அத்தியாயத்தின் 11ஆம் வசனத்தைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டிய வீட்டை நான் இதுவரை கண்டதில்லை என்ற எண்ணம் நெஞ்சில் எழுந்தது. நாவில் எழவில்லை. துஆ ஓதினேன், சாப்பிட்டேன், வந்துவிட்டேன்.

ஒரு திரைக்காக அபூ ஐயூப் (ரலி) உணவைத் துறந்தார்கள். ஒரு பெண்ணின் உரிமை அடைபட்ட சுவருக்குள் நான் வயிறார உண்டேன்.

அன்றிரவு என் அறையில் படுத்திருந்தபோது எதிர்ச்சுவரில் என் ஸனது தெரிந்தது. உஸ்தாதுமார்கள் கையொப்பமிட்டு, இவர் ஆலிம் என்று சான்று கூறும் பட்டம். சட்டமிட்டு, வருவோர் பார்வை படும் இடத்தில் நானே மாட்டியது. பிறர் வீட்டுச் சுவரைப் பற்றி எத்தனை பயான் செய்திருப்பேன்! என் சுவரில் என் பெயரையே உயர்த்தி வைத்திருந்தேன். கற்றவன் பேசவேண்டிய இடத்தில் பேசவில்லையென்றால் அந்தத் தாள் எதற்குச் சான்று? மறுவாரம் அம்மாணவரைத் தனியே சந்தித்துச் சொல்லவேண்டியதைச் சொன்னேன். அவர் முகம் கறுத்தது. பின்னர் நடந்தது அவர்கள் குடும்பத்து விவகாரம். இங்கே எழுதுவது முறையன்று. ஸனதைக் கழற்றி, வீட்டுப் பத்திரங்களோடு பெட்டியில் வைத்தேன். அது இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்து நின்றது.

புதுவீட்டைப் பற்றி மறுபடியும் கேட்க வந்த மகள் அந்த வெளுப்பைத்தான் முதலில் பார்த்தாள். "இங்கேயும் மொட்டையாயிடுச்சே வாப்பா" என்றாள். அப்போதுதான் அவளுக்குச் சரியான விடையைச் சொன்னேன் என்று நம்புகிறேன். வீட்டை அழகாக வைத்துக்கொள். தூய்மையும் வெளிச்சமும் முதல் அழகு. மாட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளை உன்னையே கேட்டுக்கொள். தொழுகையில் நிற்கும்போது இது என் கண்ணை இழுக்குமா? வேலைப்பாடு மிகுந்த போர்வை தொழுகையில் கவனத்தை ஈர்த்ததென்று, அதை அபூ ஜஹ்முக்குத் திருப்பியனுப்பிவிட்டு, அவருடைய சாதாரணப் போர்வையைக் கேட்டு வாங்கினார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். ஏழை உறவினர் ஒருவர் உள்ளே வந்தால் இதைப் பார்த்துக் கூசி, வாசலோரத்தில் அமர்வாரா? இதை வாங்கிய பணத்தில் வேறு எவருடைய பங்கேனும் கலந்திருக்கிறதா? இம்மூன்றுக்கும் இல்லை என்ற விடை கிடைத்தால் தாராளமாக மாட்டு. கிடைக்காவிட்டால் சுவர் வெறுமையாகவே இருக்கட்டும். வெறுஞ்சுவரைப் பற்றி மறுமையில் யாரும் கேட்கப் போவதில்லை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. சில நாள் கழித்து அவள் வீட்டுக்குச் சென்றேன். கிப்லாவை நோக்கிய சுவர் வெள்ளையாகவே இருந்தது. மற்றொரு சுவரில் மணி பார்க்கக் கடிகாரம். தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்து, மணமக்கள் பெயர் பின்னிய அந்தப் பத்தமடைப் பாயைத் தேடினேன். அது தரையில் விரிந்திருந்தது. வீட்டு வேலைக்கு வரும் மூதாட்டி அதில் கால் நீட்டி அமர்ந்து, என் பேரனை மடியில் வைத்துச் சோறூட்டிக்கொண்டிருந்தார்.