இறங்கும் உரிமை

துன்பத்தை விலக்கி இன்பத்தை நாடுதல் உயிர்களின் இயல்பு என்பர். ஆயின், வார இறுதி நாட்களில் எல்லவுக்கு வந்து சேரும் இளைஞர் கூட்டத்தைக் காண்போர்க்கு இக்கூற்றில் ஐயம் எழும். மலையேறிப் பழகாத நண்பர்கள் சின்னச் சிவனொளிபாத மலையையும் எல்லப் பாறையையும் நோக்கிப் புறப்படுகின்றனர். மூச்சு வாங்குகின்றது, கால் வழுக்குகின்றது. விழுந்தவனைக் கண்டு நகைத்தவர்களே அவனைக் கைகொடுத்துத் தூக்குகின்றனர். மாலையில் நோகும் காலுடன் திரும்பும் அனைவரும் அந்நாளை இனிய நாள் என்றே கூறுகின்றனர். பனி நாடுகளிலே சறுக்குக் கட்டைகளை முதன்முறையாகக் காலிற் பூட்டி, விழுந்தெழுந்து பயிலும் நண்பர்களின் மகிழ்ச்சியும் இத்தகையதே.

சின்னச் சிவனொளிபாத மலைக்குச் செல்லும் பாதை தேயிலை மலைகளினூடே செல்கின்றது. அங்கு இடுப்பிற் படங்கு கட்டிய பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கின்றனர். சரிவும் மழையும் அட்டைக்கடியும் இரு சாராருக்கும் பொது. ஒருவர்க்கு இன்பமாகும் ஏற்றம் மற்றவர்க்கு ஏன் அவ்வாறு ஆவதில்லை?

புதுமையே இன்பத்துக்குக் காரணம் என்பார் உளர். அது பொருந்தாது. பல்லாண்டு மலையேறித் தேர்ந்தவர்கள் மலைமீது மேலும் காதல் கொள்வதையே காண்கிறோம். புதுமை தேய்ந்தும் இன்பம் தேயவில்லை.

பனிச்சறுக்கலின் வரலாறு இவ்வினாவுக்கு ஒளி தருகின்றது. நோர்வேயில் பனி மூடிய மாதங்களில் வேட்டைக்கும் அயலூர்ப் பயணத்துக்கும் உதவிய கருவியாகவே சறுக்குக் கட்டை நெடுங்காலம் விளங்கியது. நவீன பனிச்சறுக்கலின் தந்தை எனப் போற்றப்படும் சொன்ட்ரே நூர்ஹைம் (1825–1897) தெலெமார்க் பகுதியில் பிறர் நிலத்திற் குடியிருந்த ஏழைக் குடியானவர். தேவைக்கு உதவிய அக்கட்டைகளே அவருக்கு விளையாட்டுப் பொருளுமாயின. 1868ஆம் ஆண்டு தலைநகரில் நடந்த போட்டியில் அவரது திறன் கண்டோரை வியக்கவைத்தது. எனினும் 1884ஆம் ஆண்டு அவர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து அங்கேயே மறைந்தார். 1952ஆம் ஆண்டு ஒஸ்லோ குளிர்கால ஒலிம்பிக் விழாவின் சுடர் மோர்கெடாலில் அவர் பிறந்த வீட்டின் அடுப்பிலே ஏற்றப்பட்டது. ஒரே மனிதருக்கு ஒரே சரிவு வேலையாகவும் விளையாட்டாகவும் அமையலாம் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகின்றது. ஆகவே, வேறுபாடு சரிவில் இல்லை; ஏறுபவரின் சுதந்திரத்தில் உள்ளது.

தொழிலாளியும் கூலிக்குச் சம்மதித்துத்தானே ஏறுகிறார் என வாதிக்கலாம். புயலில் அகப்பட்ட மாலுமிகள் சரக்கைக் கடலில் எறிவதை அரிஸ்டோட்டில் உதாரணமாகக் காட்டினார். எறிபவை அவர்களுடைய கைகளே. ஆயினும் அச்செயலை அதற்காகவே எவரும் விரும்புவதில்லை. கொழுந்தின் நிறை குறைந்தால் கூலியும் குறையும் என்றறிந்து ஏறுபவரின் சம்மதமும் அத்தகையதே. களைத்த பயணி பாதி வழியில் திரும்பலாம். எவரும் அவன் பெயரை வெட்டுவதில்லை. திரும்பிச் செல்லும் உரிமையே துன்பத்தை விளையாட்டாக்குகின்றது.

அவ்வுரிமைக்குத் திரும்பிச் செல்ல ஓர் இடமும் வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரசாவுரிமை அளித்தது. ஆயினும் பலர் வாழும் லயத்து அறை இன்றும் தோட்டத்துக்கே உரியது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்தது. ஆபத்து உண்டென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. செல்ல வேறு நிலமற்றவர்க்கு எச்சரிக்கை மட்டும் என்ன செய்யும்? பயணி ஆபத்தைத் தேடி மலைக்குச் செல்கின்றான். தொழிலாளியை ஆபத்து வீட்டிலேயே வந்து காண்கின்றது.

இதனால் மலையேறி மகிழ்தல் குற்றம் என்பது பெறப்படாது. விளையாட்டு மனிதனுக்குரிய பேறு; அது தொழிலாளியின் பிள்ளைக்கும் உரியது. ஆனால் அம்மகிழ்ச்சி இரு கடமைகளைச் சுமத்துகின்றது. வழுக்கும் சரிவில் கூடையுடன் நிலைத்து நிற்பதை நாம் 'பழக்கம்' என ஒதுக்காது திறன் என மதித்தல் ஒன்று. அத்திறனுடையோர் தம் பெயரில் நிலமும் வீடும் பெறவேண்டும் என்ற கோரிக்கையை நமதாக்கிக்கொள்ளல் மற்றொன்று. பச்சாத்தாபம் இவ்விரண்டுக்கும் ஈடாகாது. வேண்டும்போது ஏறவும் வேண்டாதபோது இறங்கவும் உரிமை பெற்றவனே மலையைத் தன் மலை எனலாம்.